ஐசிபி ரிப்போர்ட்டில் காப்பர் 24, பாஸ்பேட் 0.34: எங்கிருந்து வருகிறது?

வேளச்சேரி_ரீஃப்

எல்லோருக்கும் வணக்கம். சம்ப்போடு (கீழே உள்ள ஃபில்டர் தொட்டி) சேர்த்து 300 லிட்டர் கடல்நீர்ப் பவள டேங்க், ஓடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மீனில் ஒரு ஜோடி கிளவுன், ஒரு மஞ்சள் டாங், ஒரு கோபி. பவளத்தில் ஹேமர், டார்ச், ஜோவாந்தஸ், ரெண்டு மான்டிபோரா. மூன்று மாதம் முன்பு வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழ ஆரம்பித்தன, விழுந்தவற்றுக்குத் திரும்பி எழத் தெம்பில்லை, நான் எடுத்து நிறுத்தினால் அரை மணியில் மறுபடி மல்லாக்கக் கிடக்கின்றன. க்ளீனர் இறால் சட்டை உரிக்கும்போதே செத்துப்போனது. ஹேமர் பாதிதான் விரிகிறது. கண்ணாடியில் இன்று துடைத்தால் நாளை மாலை பழுப்புப் படலம் வந்துவிடுகிறது.

வெளிநாட்டு லேப்புக்கு ஐசிபி (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் சோதனை) சாம்பிள் அனுப்பினேன். உப்பு 34.8, கேஎச் (காரத்தன்மை) 7.9, கால்சியம் 430, மக்னீசியம் 1340, பொட்டாசியம் 395. இதெல்லாம் சரி. பிரச்சினை கீழே இருக்கிறது: காப்பர் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம், அதே அளவில் ஜிங்க் 41, சிலிக்கான் 600, அலுமினியம் 12, நிக்கல் 1, டின் இல்லை. அயோடின் 31. இரும்பு, மாங்கனீஸ் ரெண்டும் பூஜ்யம். பாஸ்பேட் லிட்டருக்கு 0.34 மில்லிகிராம். அதே நாள் வீட்டில் ஹன்னா செக்கரில் (பாஸ்பேட் அளக்கும் சின்ன மீட்டர்) பார்த்தபோது 0.22 தான் காட்டியது. நைட்ரேட் 2.

எந்த எண்ணை நம்புவது, எதிலிருந்து தொடங்குவது? பாஸ்பேட்டை இறக்க ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்) வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.

கடல்நண்டு

வாங்கியாச்சு இல்ல, போட்டு விடுங்க ப்ரோ. ரியாக்டரில் (தண்ணீர் ஊடே ஓடும் உருளை) 300 கிராம் போட்டால் மூன்று நாளில் 0.05க்கு வந்துவிடும். காப்பருக்கு நல்ல கார்பன். நான் எப்போதும் அப்படித்தான்.

வேதியியல்_வாத்தியார்

வேளச்சேரி சார், தயவுசெய்து மூன்று நாளில் இறக்காதீர்கள். 0.34இல் மாதக்கணக்கில் வாழ்ந்த பவளத்துக்கு 0.34 ஒரு விஷமில்லை, அது அந்த அளவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று 0.03க்கு இழுத்தால் மான்டிபோரா அடியிலிருந்து வெள்ளையாக உரியும். ஜிஎஃப்ஓ போட்ட வாரம் எஸ்பிஎஸ் (மான்டிபோரா மாதிரி சின்ன பாலிப் கல் பவளம்) போய்விட்டது என்று வருடம் முழுக்க யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், அதில் முக்கால்வாசி இந்தக் கதைதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. பாஸ்பேட் பூஜ்யத்தைத் தொட்டால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பிசுபிசுப்பான நுண்ணுயிர்) வரும். டைனோவோடு ஒப்பிட்டால் பச்சைப் பாசி தங்கம்.

அடுத்தது, தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட் மட்டும் உங்கள் பாஸ்பேட் இல்லை. பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் ஏறினால் அவை தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் குறைந்தால் திருப்பி விடும். அதனால் ஜிஎஃப்ஓ போட்டவுடன் அளவு விழும், பத்து நாளில் பழைய இடத்துக்கே ஏறும், ‘மீடியா டூப்ளிகேட்’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவோம். மீடியா நல்ல மீடியாதான், பாறை கக்குகிறது.

0.22, 0.34 ரெண்டுமே சரியாக இருக்கலாம். செக்கர் பார்ப்பது ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும். ஐசிபி மொத்த பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்து, அதைப் பாஸ்பேட்டாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கரிமப் பொருளில் சிக்கியது, பாலிபாஸ்பேட், மிதக்கும் தூசி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் 0.12 வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. செக்கரில் பவுடர் முழுக்கக் கரையும் வரை குலுக்கினீர்களா? குவெட்டில் (சாம்பிள் ஊற்றும் கண்ணாடிக் குப்பி) கைரேகை, ஓரத்தில் காற்றுக் குமிழ், இந்த ரெண்டுமே அளவை மாற்றிவிடும். பிபிபி (லிட்டருக்கு மைக்ரோகிராம்) காட்டும் மாடல் என்றால் அது பாஸ்பரஸ், 3.066ஆல் பெருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

மருந்து எதுவும் வேண்டாம் இப்போதைக்கு. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து? பம்ப், கண்ணாடி துடைக்கும் மேக்னட் எல்லாம் எந்த நிலையில்? தண்ணீர் படும் இடத்தில் பித்தளை, கிளாம்ப், ஹீட்டர் விரிசல் ஏதாவது?

சிங்கை_டாங்

மேக்னட்டை வெளியில் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். எனக்கு ஒருமுறை வேவ்மேக்கரின் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) உள்பக்க மேக்னட் கவர் தையலில் முடி அளவு வெடித்திருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கையில் எடுத்து அழுத்தினால்தான் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. நியோடிமியம் காந்தத்துக்கு நிக்கல்-காப்பர்-நிக்கல் பூச்சு, அதனால் உடைந்தால் ரிப்போர்ட்டில் நிக்கலும் சேர்ந்து ஏறும், துருவும் வரும். உங்களுக்கு நிக்கல் 1 தான் இருக்கிறது, அதனால் மேக்னட் இல்லை என்றுதான் என் ஊகம். ஆனாலும் பாருங்கள்.

டின் இல்லாததால் புது பிவிசி ஹோஸும் காரணம் இல்லை. மிச்சம் தண்ணீர்தான். இங்கே சிங்கப்பூரில் வீட்டுக்குள் வரும் குழாய் நிறைய இடத்தில் காப்பர், இரவு முழுக்க நின்ற தண்ணீரைக் காலையில் முதலில் பிடிக்கவே மாட்டேன், ரெண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் ஆர்ஓவுக்குத் திருப்புவேன். கூடவே கிருமி கொல்லக் கலக்கும் குளோரமைன் வேறு.

வேளச்சேரி_ரீஃப்

வாத்தியார் சார், சிங்கை அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. எல்லா மேக்னட்டையும் வெளியே எடுத்து, துணியில் சுற்றி அழுத்திப் பார்த்தேன். காய்ந்து இருக்கிறது. ஹீட்டர் சென்னையில் எதற்கு, கழற்றி வைத்து ரொம்ப நாள் ஆகிறது. பித்தளை எதுவும் இல்லை.

தண்ணீர் கிச்சன் ஆர்ஓவில் பிடிப்பதுதான். டிடிஎஸ் மீட்டரில் 60 காட்டும். போர் தண்ணீர் 1100 இருக்கும்போது 60 நல்ல எண்தானே? பழைய மெஷின் மோட்டார் போய், நான்கு மாதம் முன்பு புதிது மாட்டினோம். மூடியைத் திறந்து போட்டோ எடுத்தேன், இங்கே ஏற்ற முடியவில்லை, எழுதிவிடுகிறேன்: வெளியே வெள்ளை டப்பாவில் செடிமென்ட் ஃபில்டர், அதற்குள் கோலி மாதிரி கண்ணாடி நிறத்தில் உருண்டைகள். உள்ளே கார்பன், மெம்பரேன், அதற்குப் பிறகு ஒரு சின்ன உருளை, மேலே ‘காப்பர் + ஜிங்க்’ என்று ஸ்டிக்கர். பக்கத்தில் திருகு போட்ட ஒரு சின்ன வால்வ், டெக்னீஷியன் ‘டேஸ்ட்டுக்கு’ என்று அதைத் திருகிவிட்டுப் போனார்.

சிங்கை_டாங்

😂😂 கேஸ் முடிந்தது.

வேதியியல்_வாத்தியார்

முடியவில்லை, பாதி முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்கு ஊகத்தைவிடக் கணக்கு பிடிக்கும்.

உங்கள் டேங்க்கில் ஃபேன் ஓடும், சென்னை வெயிலில் நாளுக்கு 5 லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 150 லிட்டர் டாப்-அப். ஆவியாவது வெறும் தண்ணீர், உலோகம் டேங்க்கிலேயே தங்கிவிடும். அந்தக் காப்பர் கேட்ரிட்ஜ் லிட்டருக்கு எவ்வளவு விடுகிறது என்று ஸ்டிக்கரில் இருக்காது. இந்தியக் குடிநீர் தரம் ஐஎஸ் 10500 காப்பருக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு 0.05 மில்லிகிராம், அதையே எடுத்துக்கொள்வோம். 150 பெருக்கல் 0.05, ஏழரை மில்லிகிராம். 300 லிட்டரில் அது 25 மைக்ரோகிராம். ஒரே மாதத்தில்! பாறையும் மணலும் கரிமப் பொருளும் நிறைய இழுத்துக்கொள்வதால்தான் நான்கு மாதத்துக்குப் பிறகும் உங்களுக்கு 24இல் நிற்கிறது. திறந்த கடலில் காப்பர் ஒரு மைக்ரோகிராம் கூட இருக்காது. மனிதன் குடிக்க அந்த மெஷினில் ஒரு தப்பும் இல்லை, தரத்தில் 1.5 மில்லிகிராம் வரை கூட விதிவிலக்காக விடுகிறார்கள். நத்தைக்கும் இறாலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது, அவ்வளவுதான். ஜிங்க் 41உம் அதே உருளையிலிருந்துதான்.

அந்தத் திருகு வால்வ் டிடிஎஸ் கன்ட்ரோலர். மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. உங்கள் போர் தண்ணீரின் சிலிக்கா அந்த வழியாக நேரே டேங்க்குக்கு வருகிறது. சிலிக்கான் 600, கண்ணாடியில் பழுப்பு டயாட்டம் (சிலிக்காவால் ஓடு கட்டும் பாசி), ரெண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

கோலி மாதிரி உருண்டைகள் ஆன்டிஸ்கேலன்ட், அதாவது பாலிபாஸ்பேட். மெம்பரேனில் சுண்ணாம்பு படியாமல் இருக்கப் போடுவது. மெம்பரேன் அதைத் தடுத்துவிடும், ஆனால் வால்வ் வழியாக வரும் தண்ணீரை யார் தடுப்பது? பாலிபாஸ்பேட்டைச் செக்கர் சரியாகப் பார்க்காது, ஐசிபி பார்க்கும். உங்கள் 0.12 வித்தியாசத்தில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். டேங்க்கில் மெதுவாக உடைந்து சாதாரணப் பாஸ்பேட் ஆகும்.

உப்புக்காற்று

வாத்தியார் சொன்னதில் காப்பர், ஜிங்க், சிலிக்கா வரை நூற்றுக்கு நூறு. பாஸ்பேட் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதே கணக்கை வைத்தே சொல்கிறேன்.

டாப்-அப் தண்ணீரில் பாஸ்பேட் 0.2 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 150 லிட்டருக்கு 30 மில்லிகிராம். இப்போது தீனியைப் பாருங்கள். உலர் தீனியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஒரு கிராம் பெல்லெட்டில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட்டாகச் சொன்னால் 30 மில்லிகிராம். ஆக ஒரு மாத டாப்-அப் கொண்டுவருவதை ஒரு கிராம் பெல்லெட் ஒரே நாளில் கொண்டுவருகிறது. அதில் மீன் உடம்பில் சேர்வது, ஸ்கிம்மரில் (நுரையில் கழிவைப் பிரிக்கும் கருவி) போவது, பாசி எடுப்பது எல்லாம் கழித்தாலும் ஆர்ஓ பக்கம் ஒரு மூலைக்குக் கூட வராது. மெஷினை மாற்றிவிட்டுப் பாஸ்பேட் இறங்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டாங்குக்கு எவ்வளவு, எத்தனை தடவை போடுகிறீர்கள்? கையால் தூவுகிறீர்களா, ஆட்டோ ஃபீடரா? ஃப்ரோஸன் மைசிஸை (குட்டி இறால் தீனி) கழுவிப் போட்டால் குறையும் என்று சொல்லுவார்கள், கழுவுங்கள், தப்பில்லை, ஆனால் பாஸ்பரஸ் பெரும்பாலும் சதையில் இருக்கிறது, உருகிய தண்ணீரில் போவது கொஞ்சம்தான். மீனைப் பட்டினி போடவும் சொல்லவில்லை. டாங் மெலிந்தால் அதன் முதுகு கத்தி மாதிரி ஆகிவிடும், அதைப் பார்ப்பதைவிட பாஸ்பேட் 0.2இல் இருப்பது மேல்.

வேதியியல்_வாத்தியார்

உப்புக்காற்று சொல்வது சரிதான், பாஸ்பேட்டுக்குத் தீனிதான் பெரிய வாசல். ஆர்ஓவை மாற்றச் சொல்வது உலோகத்துக்காக.

குட்டிமீன்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு கஷ்டத்துக்கு நேரே கடல் தண்ணீரே எடுத்தால் என்ன? கோவளத்தில் படகுக்காரர் யாராவது கேன் பிடித்துத் தருவார்களே. அப்படியே மண்டபம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) கிடைக்குமா?

உப்புக்காற்று

கடல் தண்ணீர் எடுக்கலாம், எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கரையில் நின்று வாளியில் மொள்ளக் கூடாது, தள்ளிப் போய் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். அப்போது கூவமும் அடையாறும் ஊர்க் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு போய்க் கடலில் விடும், உப்பும் குறையும், பாஸ்பேட்டும் ஏறும். துறைமுகம், படகு கட்டும் இடம் பக்கமும் வேண்டாம், படகின் அடிப்பக்கப் பெயின்ட்டிலேயே காப்பர் இருக்கிறது. அதோடு, டாப்-அப்புக்குக் கடல் தண்ணீர் உதவாது, அதற்கு எப்படியும் ஆர்ஓ டிஐ (ஆர்ஓவுக்குப் பிறகு மிச்ச அயனிகளை ரெசினில் பிடித்த தண்ணீர்) வேண்டும்.

லைவ் ராக் பேச்சை இங்கே எடுக்காதீர்கள் தம்பி. மன்னார் வளைகுடா 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். உலர் பாறை வாங்கி, பாக்டீரியா போட்டு, பொறுமையாக இருங்கள்.

வேளச்சேரி_ரீஃப்

தீனி பற்றிக் கேட்டீர்கள். ஆட்டோ ஃபீடர் இருக்கிறது, வேலைக்குப் போகும் நாளில் ரெண்டு தடவை சுற்றும். ஒரு சுற்றில் எவ்வளவு விழுகிறது என்று சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 0.7 கிராம். இரவில் நான் போடும் மைசிஸ் தனி. வாத்தியார் கணக்கைவிட உப்புக்காற்று கணக்கு எனக்குப் பயமாக இருக்கிறது.

காப்பரை எப்படி வெளியே எடுப்பது? அயோடின், இரும்பு, மாங்கனீஸ் மூன்றும் குறைவு என்று லேப்பே ஒரு டோஸிங் பட்டியல் அனுப்பியிருக்கிறது. வாங்கட்டுமா?

சிங்கை_டாங்

0.7ஐ 0.2க்குத் திருகுங்கள். டாங்குக்கு நோரி (உலர்ந்த கடல்பாசித் தாள்) கட்டுங்கள், நாள் முழுக்க மேயும்.

வேதியியல்_வாத்தியார்

காப்பருக்கு: முதலில் வரும் வழியை அடைக்க வேண்டும், அதாவது ஆர்ஓ. பிறகு காப்பரை உறிஞ்சும் மீடியா, குப்ரிசார்ப் அல்லது பாலிஃபில்டர், தண்ணீர் நன்றாக ஓடும் இடத்தில். பாலிஃபில்டர் காப்பரை எடுத்தால் நீலப் பச்சையாக மாறும், கண்ணால் பார்க்கலாம். கார்பனும் வையுங்கள், கரிமப் பொருளோடு ஒட்டிய காப்பர் அதில் போகும், ஸ்கிம்மரிலும் போகும். தண்ணீர் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். 20 சதவீதம் வீதம் ஐந்து தடவை மாற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், அதுவும் புதுத் தண்ணீரில் காப்பரே இல்லை, பாறை எதையும் திருப்பிக் கக்கவில்லை என்று வைத்துக்கொண்டால். பாறை கக்கும். அதனால் நல்ல எண் ஒருமுறை வந்தவுடன் மீடியாவை எடுத்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஐசிபி மொத்தக் காப்பரைச் சொல்கிறது, அதில் எவ்வளவு கரிமத்தோடு கட்டுண்டு சாதுவாக இருக்கிறது, எவ்வளவு தனி அயனியாகத் திரிகிறது என்று சொல்லாது. 24 உள்ள ஒரு டேங்க்கில் நத்தை ஜாலியாக இருக்கும், இன்னொன்றில் விழும். உங்களுடையதில் விழுகிறது, அதுதான் முக்கியம்.

டோஸிங் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். லேப் நடத்துபவரே மருந்தும் விற்றால் பட்டியல் நீளமாகத்தான் வரும். இரும்பு கடலிலேயே ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழே, அதைப் பூஜ்யம் என்று காட்டுவது மெஷினின் பார்வை எல்லை. மாங்கனீஸும் கிட்டத்தட்ட அதே கதை. அயோடின் கடலில் 60, உங்களிடம் 31. ஆனால் சாம்பிள் வாரக்கணக்கில் கூரியரில் கிடந்து போயிருக்கிறது. அடுத்த ரிப்போர்ட்டிலும் 30 என்றால் அப்போது அயோடினை மட்டும், மெதுவாக. ஏற்கெனவே உலோகம் ஏறிய டேங்க்கில் எல்லாம் கலந்த டிரேஸ் பாட்டிலை ஊற்றுவது எனக்குப் புரியாத வைத்தியம், பல பாட்டில்களில் காப்பரும் ஜிங்க்கும் சேர்ந்தே இருக்கும்.

உள்ளூர்த் தண்ணீர் லேப்பில் கொடுத்துப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 35 கிராம் உப்புள்ள தண்ணீரை அவர்கள் நீர்த்துப்போகச் செய்துதான் மெஷினில் விடுவார்கள், ரிப்போர்ட்டில் ‘பிடிஎல்’ (அளக்கும் எல்லைக்குக் கீழே) என்று வரும், நீங்கள் காப்பர் இல்லை என்று சந்தோஷப்படுவீர்கள். ஆனால் ஆர்ஓவில் வரும் நல்ல தண்ணீரை அங்கே கொடுக்கலாம், அதற்கு அந்த லேப் போதும்.

கடல்நண்டு

சரி, நான் சொன்ன 300 கிராமை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙏 ஆனால் பாஸ்பேட்டை என்னதான் செய்வது? வோட்கா டோஸிங்?

உப்புக்காற்று

அவரிடம் நைட்ரேட் 2 தான். வோட்கா மாதிரி கரிமத் தீனி ஊற்றும் கார்பன் டோஸிங்கில் பாக்டீரியா ரெண்டையும் சேர்த்துத்தான் தின்னும், ரெட்ஃபீல்ட் விகிதப்படி (கடல் நுண்ணுயிர்களின் சராசரி சத்து விகிதம்) பாஸ்பேட் ஒன்றுக்கு நைட்ரேட் எடையில் பத்து வேண்டும். பாறையிலிருந்து வருவதும் சேர்ந்தால் நைட்ரேட் முதலில் காலியாகும், பாஸ்பேட் அப்படியே நிற்கும், சிவப்பு சயனோ பாக்டீரியா ஜமக்காளம் விரிக்கும். வேண்டாம்.

பாஸ்பேட்டைப் படிய வைக்கும் லாந்தனம் வேகமாக வேலை செய்யும், எனக்குப் பயம். நுண்ணிய வெள்ளைத் துகளாகப் படியும், 5 மைக்ரான் சாக்கில் பிடிக்காவிட்டால் மீன் செவுளுக்குப் போகும், டாங்குகளுக்கு அது ஆகாது என்று பலர் சொல்கிறார்கள். கேஎச்சும் கூடவே விழும்.

ஜிஎஃப்ஓவே போதும். 30 கிராம் போடுங்கள், 300 இல்லை. ஆர்ஓ தண்ணீரில் சிவப்புத் தூசி நிற்கும் வரை அலசி, ரியாக்டரில் மேல்பரப்பு லேசாக நெளியும் அளவுக்கு மட்டும் ஓட்டம். வேகமாகச் சுழன்றால் மணிகள் ஒன்றோடொன்று உரசி மாவாகி டேங்க்குக்கு வரும். நான்கு நாளுக்கு ஒருமுறை செக்கர். வாரம் 0.05க்கு மேல் இறங்கினால் ஓட்டத்தைக் குறையுங்கள். 0.08 பக்கம் வந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன், 0.03 என்பதை வேதவாக்காக எடுக்க மாட்டேன். செக்கரின் பிழையே 0.02, அதில் போய் 0.03க்கும் 0.05க்கும் சண்டை போட்டு என்ன? இன்னொன்று, ஜிஎஃப்ஓ பாஸ்பேட்டோடு சிலிக்காவையும் எடுக்கும், உங்களுக்கு அது லாபம்.

சம்ப்பில் இடம் இருந்தால் கீட்டோ (ஒரு பச்சைக் கடல்பாசி) வளருங்கள். பாஸ்பேட்டையும் எடுக்கும், உலோகத்தையும் எடுக்கும், வாரம் ஒரு கை வெட்டி வெளியே போட்டால் போதும்.

வேளச்சேரி_ரீஃப்

அப்டேட். கிச்சன் ஆர்ஓவைத் தொடவில்லை, அது அம்மா ராஜ்யம், காப்பர் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் வாங்கினார்கள். மொட்டை மாடி டேங்க் லைனில் தனியாக ஒரு மெம்பரேன் யூனிட் மாட்டி, பின்னால் டிஐ போட்டேன். வால்வ், உருண்டை, உருளை எதுவும் இல்லை. டிடிஎஸ் 0. பாலிஃபில்டர் முதல் வாரத்திலேயே ஓரம் நீலமாகிவிட்டது. ஃபீடரை 0.2க்குக் குறைத்தேன்.

ரெண்டாவது ஐசிபி நேற்று வந்தது. காப்பர் 9, ஜிங்க் 15, சிலிக்கான் 210, அயோடின் 52 (எதுவும் ஊற்றவில்லை). பாஸ்பேட் லேப்பில் 0.19, செக்கரில் 0.17. புதிதாக விட்ட நத்தைகள் கண்ணாடியில் நிற்கின்றன. ஹேமர் முக்கால் விரிகிறது. மான்டிபோரா ஒன்றில் மட்டும் ஓரம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அதனால் ஜிஎஃப்ஓவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: டிஐ ரெசின் தீர்ந்தால் டிடிஎஸ் மீட்டர் காட்டிவிடும்தானே?

வேதியியல்_வாத்தியார்

முழுக்கக் காட்டாது. ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் கசிவது சிலிக்கா, அது மீட்டரில் சரியாகத் தெரியாது, டிடிஎஸ் 0 என்றே நிற்கும். நிறம் மாறும் ரெசின் வாங்குங்கள், ரெண்டு கேனிஸ்டர் வரிசையாக வைத்து, முதல் கேனிஸ்டர் முக்கால் நிறம் மாறியதும் அதைக் கழற்றி, ரெண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் மாட்டுங்கள். போர் தண்ணீர் 1100 என்றால் ரெசின் சீக்கிரம் தீரும். மெம்பரேன் வெளியே விடும் டிடிஎஸ்ஸையும் தனியாகப் பாருங்கள், அது புதிதில் இருந்ததைவிட நன்றாக ஏறினால் ரெசினுக்குச் செலவழிப்பதைவிட மெம்பரேனை மாற்றுவது லாபம்.

மான்டிபோராவுக்கு ஜிஎஃப்ஓவை நிறுத்தியது சரி. ரெண்டு வாரம் அப்படியே விடுங்கள், கேஎச்சை மட்டும் 8க்குப் பக்கத்தில் ஆடாமல் வைத்திருங்கள்.

குட்டிமீன்

எங்கள் வீட்டு ஆர்ஓவிலும் அந்த ‘காப்பர்’ ஸ்டிக்கர் இருக்கிறது 😳 டேங்க் இன்னும் சைக்கிளிங்கில்தான் (நல்ல பாக்டீரியா வளரக் காத்திருக்கும் கட்டம்), மீன் விடவில்லை. தண்ணீரை முழுக்க மாற்றணுமா?

சிங்கை_டாங்

மீன் விடாதபோதே தெரிந்தது நல்லது. முழுக்க மாற்றி, புது ஆர்ஓ டிஐ தண்ணீரில் தொடங்குங்கள். பாறையையும் ஒருமுறை அதே தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.